செல்லக்கண்ணுவுக்குக் கிடார் வந்த கதை

நேர்ப்பட்டிக்காரர்களுக்குக் காது நன்றாகவே கேட்கும். அதுதான் பிரச்சினை. சொன்னது சொன்னபடி உள்ளே போய், அப்படியே வேலையாக வெளியே வந்துவிடும்.

அந்த ஊர்ச் செல்லக்கண்ணு பெண் பார்க்கப் போனான். பெண் பேர் தவமணி. பாட்டென்றால் உயிரை விடுவாள். அவள் அப்பா சங்கிலி, போலீஸில் ஏட்டு. காபி டம்ளரை நீட்டிக்கொண்டே தவமணி கேட்டாள்:

"உங்களுக்குக் கிடார் வருமா?"

செல்லக்கண்ணு யோசித்தான். ஊருக்கு பஸ் வருது, தபால் வருது. கிடார் மட்டும் ஏன் வராது?

"வரும்."

"அப்ப பரிசத்தன்னிக்கு வாசிச்சுக் காட்டுங்க. இல்லேன்னா இந்தச் சம்பந்தமே வேண்டாம்."

பாவி மகன் அதற்குள் அவள் மேல் ஆசையை வைத்துவிட்டான். கட்டினால் தவமணி, இல்லாவிட்டால் சாமியார் என்று வழியெல்லாம் அழுதுகொண்டே வந்தான். மறுநாளிலிருந்து தினமும் பஸ் நிறுத்தத்தில் போய் நின்றான். பஸ் வந்தது. கிடார் வரவில்லை.

"தானா வராததை நாமதான் செஞ்சு வர வைக்கணும்" என்றான் பூலோகம். செல்லக்கண்ணுவின் சிநேகிதன், ஊரிலேயே மூளைக்காரன் என்று பெயர் எடுத்தவன். இன்னொரு சிநேகிதன் அழகுமலை ரம்பம் கொண்டுவந்தான். யோசனை சொல்ல டவுனில் மைக் செட் காசிமாயன் இருந்தார். நல்ல மனுஷன்தான், கோபம் வந்தால் வாய் நிற்காது. அவருக்குப் போன் போட்டார்கள்.

"மரத்துல கிடார் பாடி எவ்வளவு பெருசு அறுக்கணும்ணே?"

"வாசிக்கிறவன் உடம்புக்குத் தோதா அறுங்கடா."

செல்லக்கண்ணுவைப் பழைய கதவின் மேல் மல்லாக்கப் படுக்கவைத்து, சுற்றிலும் பென்சிலால் கோடு போட்டு அறுத்தார்கள். மறுபடி போன்.

"அண்ணே, கிடாருக்கு ரெண்டு கால் வந்திருக்கு."

"கருமம்! காலை வெட்டுங்கடா!"

அழகுமலை வானத்தைப் பார்த்தான். உச்சி வெயில். "இப்ப மத்தியானமாச்சே. காலைல வெட்டச் சொல்றாரு."

"எதை வெட்டணும்னு சொல்லலையே?" என்றான் செல்லக்கண்ணு.

"கால் இருக்குன்னுதானே சொன்னோம்? அதைத்தான்" என்றான் பூலோகம்.

"அப்ப காலையில காலை வெட்டுங்கன்னு சொல்லியிருக்கணும். பெரிய மனுஷன், பேசத் தெரியலையே!" என்றான் அழகுமலை.

அவருக்காக வருத்தப்பட்டுவிட்டு மூவரும் படுத்துத் தூங்கினார்கள். விடிந்ததும் வெட்டினார்கள்.

அடுத்து, கம்பிச் சத்தம் ஸ்பீக்கருக்குப் போக, கம்பிக்குக் கீழே காந்தம் வைக்கக் குழி தோண்டினார்கள். குழி சோற்றுப்பானை வாய் அகலத்துக்குப் போய்விட்டது.

"மரத்தூளைப் பசையில குழைச்சுப் பூசுங்க. காஞ்சதும் தேய்ங்க" என்றார் காசிமாயன்.

பூசுவது என்றால் எங்கே பூசுவார்கள்? நெற்றியில்தான். மூவரும் கிழக்கே பார்த்து நின்று பட்டை பட்டையாகப் பூசினார்கள். காய்ந்ததும் உப்புத்தாளால் தேய்த்தார்கள். ஐயோ, அந்த எரிச்சலைக் கேட்காதீர்கள். நெற்றித் தோல் போனதுதான் மிச்சம், குழி குழியாகவே இருந்தது. கடைசியில் அழகுமலை காந்தத்தை உள்ளே வைத்து, சுற்றிலும் புளியைத் திணித்தான்.

கிடாருக்குக் கழுத்தைச் சேர்க்கும் நாளும் வந்தது. "பசை காயற வரைக்கும் கழுத்தை இறுக்கிப் பிடி, விடாதே" என்றார் காசிமாயன். பூலோகம் செல்லக்கண்ணுவின் கழுத்தை இறுக்கிப் பிடித்தான். முழி பிதுங்கினாலும் செல்லக்கண்ணு மூச்சுக் காட்டவில்லை. எல்லாம் தவமணிக்காக. கிடாரின் கழுத்து ஒரு பக்கமாகச் சாய்ந்து, தன்பாட்டுக்கு ஒட்டிக்கொண்டது.

பரிசத்தன்று பெண் வீட்டுப் பந்தலில் கூட்டம் தாங்கவில்லை. முன்வரிசையில் தவமணி. கிடாரை ஸ்பீக்கரில் மாட்டியதுதான் தாமதம், 'ஙொய்ய்ய்' என்று ஒரே இரைச்சல். குழந்தைகள் வீரிட்டன. தவமணியின் முகம் சுருங்கியது. பூலோகம் கொல்லைப்புறம் ஓடிப் போன் போட்டான்.

"எர்த் கொடுக்கலியாடா? மண்ணுக்குள்ள இறக்குங்க, சத்தம் தன்னால அடங்கும்!"

ஒயரைப் பிடுங்கினார்கள். முருங்கை மரத்தடியில் குழி வெட்டிக் கிடாரை இறக்கி மண்ணைத் தள்ளினார்கள். சத்தம் சுத்தமாக அடங்கிவிட்டது.

"பார்த்தியா, அண்ணன் வாக்கு பொய்க்காது" என்றான் பூலோகம்.

"சரி, நான் எப்படி வாசிக்கிறது?"

"கிடார் இருக்கிற இடத்துலதானே வாசிக்கிறவனும் இருக்கணும்? இறங்குடா மாப்ளே."

மறுபடி மண்ணை அள்ளிப் போட்டதும் செல்லக்கண்ணு இறங்கிக் கிடாரைக் கட்டிக்கொண்டான். கழுத்துவரை மண்ணைப் போட்டு மூடினார்கள். அழகுமலை பந்தலைப் பார்த்துக் கத்தினான்: "பாடியைப் புதைச்சாச்சு! கழுத்து மட்டுந்தான் வெளியே!"

ஏட்டு சங்கிலி அலறியடித்துக்கொண்டு வந்தார். பின்னாலேயே கூட்டமும் தவமணியும். மண்ணுக்கு மேலே இரண்டு கழுத்து தெரிந்தது. ஒன்று மாப்பிள்ளையுடையது.

"அடப்பாவிகளா, என் வீட்டுக் கொல்லையிலேயே ஆளைப் புதைக்கிறீங்களா? மூணு பேரையும் கம்பி எண்ண வைக்கிறேன் பாரு!"

செல்லக்கண்ணு மண்ணுக்குள் விரலால் தடவினான். 'டொப்' என்று ஒரு சத்தம்.

"அஞ்சு இருக்கு மாமா. ஆறாவது இப்பத்தான் அறுந்துச்சு."

"மூணு பேரையும்தானே எண்ணச் சொன்னாரு? தள்ளு, என் முறை" என்று பூலோகம் குழிக்குள் காலை விட்டான்.

தவமணிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. முருங்கை மரத்தைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள்.

"இவரு சொன்னபடி வாசிச்சிட்டாருப்பா. மண்ணுக்குள்ள கிடந்து எனக்காக வாசிக்கிற ஆளை விட்டா வேற எவன் கிடைப்பான்? இவரையே கட்டிக்கிறேன்."

செல்லக்கண்ணு குழிக்குள் இருந்தபடியே அழுதான். ஏட்டு மகளைப் பார்த்தார், குழியைப் பார்த்தார். மகள் பிடிவாதம் அவருக்குத் தெரியும். வெற்றிலை பாக்கு பழம் வைத்த பித்தளைத் தட்டை அழகுமலை கையில் திணித்தார்.

"எப்படியோ போங்க. தட்டை மாத்தித் தொலைங்கடா!"

அழகுமலை பவ்யமாக வாங்கிக்கொண்டு வெளியே போனான். மேளக்காரர் குச்சியை ஓங்கியபடி காத்திருந்தார். கொஞ்ச நேரம் கழித்து அழகுமலை வெறுங்கையோடு திரும்பி வந்தான்.

"தட்டு எங்கடா?"

"மாத்தியாச்சு ஏட்டய்யா. பக்கத்து வீட்டு எவர்சில்வர் தட்டுக்கு."

"அந்தத் தட்டு எங்க?"

"நீங்க சொன்னபடியே தொலைச்சிட்டேன்."

"எங்கடா தொலைச்சே?"

அழகுமலை அவரைப் பரிதாபமாகப் பார்த்தான்.

"எங்கேன்னு தெரிஞ்சா, அது தொலைச்சதாகுமா ஏட்டய்யா?"