புற்றுக்காளானின் நீண்ட கால்

மரமும் மண்ணும் மனிதரோடு வாய்விட்டுப் பேசிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், காளான் பறிக்கப் போகிறவர்கள் கையில் கத்தி இருந்தது. மண் ஒட்டாமல் தரையோடு அறுத்துக் கூடையில் போடுவார்கள். மண்ணுக்குள் அதன் கால் எப்படி இருக்கும் என்று யாரும் பார்த்ததில்லை.

அந்த மலையடிவாரத்தில் ரங்கியைப் போல வேகமாக அறுப்பவர் இல்லை. முதல் இடி இடித்த மறுநாள், கறையான் புற்றைச் சுற்றி வெள்ளை வெளேரென்று முளைத்திருந்ததையெல்லாம் அறுத்து, ஊருக்கே பங்கு வைத்தாள். அதைத் தின்ற ஐந்தாம் நாள் ஊர் மூப்பன் சடையனின் மகன் இறந்துபோனான்.

சடையன் தீப்பந்தத்தோடு புற்றுக்கு வந்தான். "இந்தப் புத்துதான் என் பிள்ளையத் தின்னுச்சு. இதைக் கொளுத்திட்டு உன்னப் பாக்குறேன் ரங்கி."

"பொறுங்க மாமா. வீட்டுக்குத் தீ வைக்கிறதுக்கு முந்தி வீட்டுக்காரங்களக் கேக்க வேணாமா?" ரங்கி குறுக்கே வந்து நின்றாள். தலை குனியவில்லை.

அங்கே அதன் பிறகு முளைத்த இரண்டு காளான்கள்தான் நின்றன.

"நானா கொன்னேன்? என்னப் பாருங்க மாமா," என்றது புற்றோரம் நின்ற ஒன்று. அதன் தண்டில் மோதிரம், தலையில் வெள்ளைப் பொட்டுகள். "மோதிரம் போட்டவ விஷம் வைப்பாளா? அதோ, மண்ணத் தலையில சுமந்துக்கிட்டு நிக்கிறாளே, அவளக் கேளுங்க."

புற்றின்மேல் நின்றது தன் கூர்ந்த தலையை நிமிர்த்தியது. "நான் இந்த வீட்டுப் பொண்ணு. கத்தியப் போட்டுட்டுத் தோண்டிப் பாரு. அதுக்கு மேல நான் பேச மாட்டேன்."

ரங்கி கத்தியை வீசினாள். மோதிரக்காரியின் அடியில் குச்சியை விட்டு நெம்பினாள். உடனே கிளம்பி வந்துவிட்டது. காலடியில், இதுவரை மண் மறைத்திருந்த ஒரு பை.

"வீடில்லாதவ, விஷ மூட்டையோட வந்திருக்கா," என்றாள் ரங்கி. பிறகு மெதுவாக, "இவ இனத்தையும் சேத்துத் தரையோட அறுத்துட்டேன், மூட்டையப் பாக்கல. தப்பு என்னுது மாமா, புத்தோடது இல்ல."

மற்றதைத் தோண்டினாள். முழங்கை ஆழம் போயும் கால் முடியவில்லை. அடியில் கறையான் தாய் அதைப் பிடித்துக்கொண்டிருந்தாள். வெளிச்சமே பார்க்காதவள். வளர்த்த மகளின் முகத்தை அறியாதவள். கால் மட்டும்தான் தெரியும். இழுக்க இழுக்க அந்தக் கால் நீண்டது. அவள் விடவில்லை.

"இது எங்க தோட்டத்து வெள்ளாம," என்றது மண்ணுக்குள்ளிருந்து ஒரு குரல். "இதுல விஷம் இருந்தா என் பிள்ளைங்கதான் மொதல்ல செத்திருக்கும். கொளுத்துறதுன்னா கொளுத்து. கைய மட்டும் எடுக்க மாட்டேன்."

சடையன் பந்தத்தை ஈரமண்ணில் குத்தி அணைத்தான். "என்னால பிடிச்சு வைக்க முடியலையே, தாயி," என்றான்.

அன்று தொட்டுத்தான் புற்றுக்காளானின் கால் அத்தனை ஆழம் இறங்கிப் போகிறது. காளானுக்குப் போகிற பெண்கள் கத்தியைத் தொடாமல், விரலால் மண்ணைத் தள்ளித் தள்ளி, கறையான் வீடுவரை அதைத் தொடர்கிறார்கள். அங்கே போய்ச் சேர்ந்தாலும், கடைசி ஒரு விரற்கடையை மண்ணிலேயே விட்டுவிட்டுத்தான் எடுக்கிறார்கள். அது அம்மாவின் பிடியில் இருப்பது.