முள் அசையும் வரை ஐந்தெழுத்து

மேலைக்கரைச் சிவன் கோயிலுக்கு எதிரே, ஒரு தகரக் கொட்டகையில் கார் பழுது பார்த்து வாழ்ந்தவர் குற்றாலிங்கனார். நகக்கண்ணில் கிரீஸ், நெற்றியில் நீறு. இரண்டும் அவரை விட்டுப் போனதே இல்லை. காலையில் ஈசனைக் கும்பிடாமல் ஒரு ஸ்பேனரைக்கூடத் தொடமாட்டார். ஆனால் பெரிய கோபக்காரர். வம்புக்குப் போகமாட்டார், வந்த வம்பை விடவும் மாட்டார். கோபம் வந்தால் முதலில் வாங்கிக் கட்டிக்கொள்பவர் எதிரே இருக்கும் ஈசன்தான்.

பெட்ரோல் அழுத்தம் பார்ப்பதில் அவருக்கென்று ஒரு வழக்கம் இருந்தது. எஞ்சினுக்குள் பெட்ரோலைப் பீய்ச்சும் இஞ்செக்டர்களுக்குப் போகும் குழாயில் பிரஷர் கேஜை மாட்டி, சாவியைத் திருப்பி அழுத்தம் ஏற்றி, அணைத்துவிடுவார். பிறகு முள்ளைப் பார்த்தபடி நூற்றெட்டு முறை 'சிவாயநம' சொல்லுவார். அதற்குள் முள் இறங்கினால் எங்கோ ஒழுகுகிறது. இறங்காவிட்டால் ஒழுக்கு இல்லை. கைக்கடிகாரம் கட்டியவர்களெல்லாம் சிரித்தார்கள். சிரிக்கட்டுமே! அந்தக் கணக்கு ஒருநாளும் பொய்த்ததில்லை.

அக்னி நட்சத்திர நாளொன்றில் கோயில் தர்மகர்த்தா ஆவுடையப்பர் தம் காரைக் கொண்டுவந்தார். ஓடி நின்றால் மறுபடி கிளம்ப மறுக்கிறது, கரும்புகை, பெட்ரோல் நாற்றம். குற்றாலிங்கனார் கேஜை மாட்டி ஜபத்தைத் தொடங்கியதும், ஆவுடையப்பர் கூடி நின்றவர்களைப் பார்த்துக் கண்ணடித்தார்.

"என்னவே, சிவாயநமன்னு சொன்னா ஓட்டை அடைபட்டுருமோ? அப்ப எம் பொண்டாட்டி வாய்க்கும் ரெண்டு மந்திரம் சொல்லும்!"

கோயில் பொறுப்பில் இருக்கிறவர் பேசுகிற பேச்சா இது? அதற்கும் பல்லை இளிக்க நாலு பேர்! அடியாருக்கு உச்சந்தலை கொதித்தது. பல்லைக் கடித்துக்கொண்டு ஜபத்தை முடித்தார். முள் அசையவில்லை. "ஒழுக்கு இல்ல, பிளக்குதான் போயிருக்கு" என்று புதுப் பிளக்குகளை மாட்டி அனுப்பினார்.

மறுநாள் உச்சிவேளையில் அதே வண்டி கோயில் வாசலில் செத்து நின்றது. பானெட்டைத் திறந்தால் குப்பென்று பெட்ரோல் வாடை. ஆவுடையப்பர் ஆடினார் பாருங்கள் ஓர் ஆட்டம்!

"தொழில் தெரியாத பய, சாமி பேரச் சொல்லி ஊர ஏமாத்துதான்! இனி இவன் கோயில் படிய மிதிக்கக் கூடாது. நாஞ் சொல்லுதேன், உள்ள விடாதீங்க!"

அடியார் சோறில்லாமல்கூட இருந்துவிடுவார், ஈசனைப் பார்க்காமல் எப்படி இருப்பார்? தார் உருகும் தெருவில் வெறுங்காலோடு நின்று, உள்ளே பார்த்துக் கத்தினார்.

"ஏய்யா, உன் பேரச் சொல்லித்தான அளந்தேன்? நீ பொய் சொல்லலாமா? அவன் ஏசுதான், நீ கல்லாட்டம் உக்காந்திருக்க! வாயத் தொறந்து சொல்லு, எங்க தப்பு?"

உள்ளே இல்லாதவனிடம் யாரும் சண்டை பிடிப்பதில்லை. சின்னக் கோயில், தெருவிலிருந்தே கருவறை தெரியும். கோடைக்காக லிங்கத்தின் மேல் கட்டியிருந்த தாராபாத்திரத்திலிருந்து சொட்டுச் சொட்டாக நீர் விழுந்துகொண்டிருந்தது. திட்டி ஓய்ந்த வாய் பழக்கத்தில் 'சிவாயநம' என்றது. ஒரு சொட்டுக்கும் மறு சொட்டுக்கும் நடுவே ஒருமுறை, நிதானமாக. அப்போதுதான் அவருக்கு உறைத்தது. நேற்றுக் கோபத்தில் ஜபத்தை ஓட்டோ ஓட்டென்று ஓட்டியிருக்கிறார்! முள் இறங்க நேரமே கொடுக்கவில்லை.

"தப்பு என்னுதுதான்!" என்று ஊர் கேட்கச் சொன்னார். சொன்ன கையோடு அங்கேயே கேஜை மாட்டினார். சிரித்தவர்களை ஏறிட்டும் பாராமல், முள்ளிலேயே கண்ணை வைத்து, மனதில் பதிந்த அந்தச் சொட்டின் கதியிலேயே சொல்லத் தொடங்கினார். அறுபதில் முள் நடுங்கியது. தொண்ணூறில் பாதி இறங்கிவிட்டது. பம்பிலிருந்து வரும் குழாயை இடுக்கி அடைத்துப் பார்த்தார், அப்போதும் இறங்கியது. அப்படியானால் ஒழுக்கு பம்புப் பக்கம் இல்லை, இஞ்செக்டர்தான். நான்கையும் குழாயோடு தூக்கிச் சாவியைத் திருப்ப, மூன்றாவதன் மூக்கில் பெட்ரோல் கோத்துச் சொட்டியது.

அதே நேரம் குருக்கள் உள்ளிருந்து மூச்சிரைக்க ஓடிவந்தார்.

"ஓய் ஆவுடையப்பரே! பாத்திரம் நிறையத் தண்ணி இருக்கு. இவர் இப்போ முள்ளைப் பாத்து ஜபிச்ச நேரம் பூரா ஒரு சொட்டுகூட விழலை. இவர் நிறுத்தினதும் விழறது! இவர் குரலைக் கேக்கறதுக்கு சுவாமி தன் அபிஷேகத்தையே நிறுத்திண்டார் ஓய்!"

ஆவுடையப்பர் முகம் வெளுத்துப்போனது. அடியாரின் கையைப் பிடித்து உள்ளே அழைத்தார். குற்றாலிங்கனார் அந்தக் கையை உதறிவிட்டுத் தாமே படியேறினார். லிங்கத்தின் முன் நின்றதும் கண் நிறைந்துவிட்டது. ஆனாலும் வாய் சும்மா இருக்கவில்லை.

"இந்த வெயில்ல குளிக்காம எதுக்குய்யா இருந்த?" என்று அதற்கும் கோபித்துக்கொண்டார்.

ஏசிய வாயின் ஐந்தெழுத்துக்காக ஈசனையே வெம்மை பொறுக்க வைத்த குற்றாலிங்கனாரின் கோபம் வாழ்க.