கோணம்பட்டிக்காரர்கள் நஷ்டஈடு கேட்டது

கோணம்பட்டிக்காரர்களுக்குப் புத்தி இல்லை என்று யாரும் சொல்லிவிட முடியாது. எதைச் சொன்னாலும் சொன்னபடியே செய்வார்கள். அவ்வளவுதான்.

அந்த ஊர்ச் சின்னாண்டி, பொன்னிருளு, மொக்கையன் மூவரும் சந்தைக்குப் போன சரக்கு ஆட்டோவைப் பின்னால் வந்த லாரி இடித்துப் பள்ளத்தில் தள்ளிவிட்டது. சின்னாண்டிக்குக் கால் முறிந்தது. பொன்னிருளுக்குத் தோள்பட்டை இறங்கியது. மொக்கையனுக்கு முன்பல் இரண்டும் போயிற்று. மூட்டை தூக்கிப் பிழைக்கிறவர்கள். மூன்று வீட்டிலும் அடுப்பு எரியவில்லை.

வக்கீல் தனபாக்கியம் வழக்கை எடுத்துக்கொண்டார். "நாளைக்கு எக்ஸ்ரேயைக் கையோட எடுத்துட்டு வந்துடுங்க" என்றார்.

வெளியே வந்ததும் சின்னாண்டி கவலைப்பட்டான். "முறிஞ்சது காலு. இந்தம்மா கையோட எக்ஸ்ரே கேக்குதே?"

"படிச்சவங்க. காரணம் இல்லாமயா கேப்பாங்க?" என்றான் பொன்னிருளு.

மறுநாள் வக்கீலம்மா மூன்று எக்ஸ்ரேயையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். மூன்றும் ஒரு குறையும் இல்லாத அழகான கைகள்.

எப்படியோ வழக்கு கோர்ட்டுக்கு வந்தது. "பயப்படாதீங்க. நடந்ததை நடந்தபடியே சொல்லுங்க, போதும்" என்றார் வக்கீலம்மா.

சின்னாண்டி கூண்டில் ஏறவில்லை. ஊன்றுகட்டையோடு நீதிபதியின் மேசையைச் சுற்றி வரத் தொடங்கினான். "ஐயா, நாங்க சந்தைக்குப் போனோமா..." இரண்டு சுற்று முடிந்தும் லாரி வரவில்லை.

"நின்னு சொல்லப்பா!" என்றார் நீதிபதி.

"நின்னு சொன்னா பொய்சாட்சி ஆயிடுமுங்க" என்று மூச்சு வாங்கினான்.

அவன் நொண்டியதைப் பார்த்த லாரி தரப்பு இன்சூரன்ஸ் வக்கீலுக்கு வேறு சாட்சி தேவைப்படவில்லை. எழுந்து, "சமாதானமாப் போயிடலாம். தலைக்கு அம்பதாயிரம் தர்றோம்" என்றார்.

தனபாக்கியத்தின் முகம் மலர்ந்தது. மூவர் முகமும் தொங்கியது. வராந்தாவில் கூடிப் பேசினார்கள்.

"தலைக்குத் தர்றாங்களாம். நம்ம தலையில ஒரு கீறல் உண்டா?" என்றான் சின்னாண்டி.

"இல்ல. படாத அடிக்குக் காசு வாங்கினா உடம்புல ஒட்டுமா?" என்றான் பொன்னிருளு.

"ஒட்டாது. ஆனா வீட்ல அரிசி இல்லையே" என்றான் சின்னாண்டி.

மொக்கையன் வெகுநேரம் யோசித்தான். பிறகு கல்தூணைத் தடவிப் பார்த்து, "இது தாங்கும்" என்றான்.

மடார் மடார் என்று சத்தம் கேட்டு வக்கீலம்மா எழுந்திருப்பதற்குள் மூவரும் உள்ளே வந்துவிட்டார்கள். நெற்றியில் எலுமிச்சம்பழம் போல வீக்கம்.

"இப்ப தலைக்குக் குடுங்க ஐயா. மனசாட்சிக்குப் பயமில்ல" என்றான் சின்னாண்டி.

பொன்னிருளு மட்டும் நல்ல கையைத் தூக்கினான். "எனக்கு ரெண்டு இடத்துல வீங்கியிருக்குங்க. ரெண்டு தலையா வச்சுக்குங்க."