ஓணான் இரு பக்கமும் தலையசைத்த உச்சிப்பொழுது

அந்தக் காலத்தில் மரமும் மிருகமும் மனிதரும் மனிதரல்லாததும் ஒரே பேச்சுப் பேசின, ஒரே ஆட்டமும் ஆடின. அதற்கு இலையாட்டம் என்று பெயர். காய்ந்த இலை ஒவ்வொன்றிலும் ஒரு வாக்கு எழுதியிருக்கும். ஒன்றில் 'மழை வரும்', இன்னொன்றில் 'வழி மறக்கும்'. மயிலிடம் மழை இலை இரண்டு சேர்ந்துவிட்டால் ஒன்றை நண்டிடம் கொடுத்துத் தன்னிடம் இல்லாததை வாங்கிக்கொள்ளும். ஆடும்போது இலையைக் கல்லின் மேல் வைத்தால் எதிராளிக்கு அது பலிக்கும். பலிப்பதற்குள் எதிராளி அதன் மேல் தன் இலையை வைத்து மறிக்கலாம். அப்படி இரண்டு வாக்கும் முட்டிக்கொள்ளும்போதுதான் வம்பு. எது செல்லும், எது செல்லாது என்று கழுத்தைப் பிடிக்கும் வரை போகும்.

அந்த வம்பைத் தீர்க்க இருந்தவன் ஓணான். அப்போதெல்லாம் அவன் தலை சும்மா ஆடாது. இருவர் பேச்சையும் கேட்டுவிட்டு, நியாயம் உள்ளவர் பக்கம் திரும்பி ஒரே ஒரு முறை அசைப்பான். அசைந்தால் அசைந்ததுதான், அதைத் திருப்பி வாங்க முடியாது. பழைய தீர்ப்பெல்லாம் அவனுக்கு மனப்பாடம். ஒரே ஒரு குறை, யாரும் தன்னைத் தப்பாக நினைத்துவிடக் கூடாது அவனுக்கு. 'வேலிக்கு ஓணான் சாட்சி, ஓணானுக்கு வேலி சாட்சி' என்று ஊர் கேலி பேசியது சும்மா இல்லை. ஊருக்கெல்லாம் நல்லவனாக இருக்க நினைப்பவனிடம் நியாயத்தைக் கொடுத்து வைக்கக் கூடாது.

ஒரு நாள் உச்சிவெயிலில் அவனை ஒற்றை இலுப்பை மரத்தடிக்கு வரச் சொன்னார்கள். ஆடப்போவது விறகு பொறுக்கும் வஞ்சி என்ற பெண். அவளுக்கு எதிரே அந்த மரத்து முனி.

முனியை யாரும் பார்த்ததில்லை. கல்லுக்கு அந்தப் பக்கம் புல் மட்டும் யாரோ உட்கார்ந்திருப்பது போல அமுங்கிக் கிடந்தது. எறும்புகள் அந்த இடத்தைச் சுற்றிக்கொண்டு போயின. உச்சிப்பொழுதில் எதற்கும் நிழல் விழாது. ஆனால் இலுப்பையின் கிளையெல்லாம் நிழல்கள் துவைத்த துணி மாதிரி தொங்கின. காற்றே இல்லை, அவை ஆடின. அதில் ஒன்று இடுப்பில் கை வைத்து நின்றது.

"அது எங்க அக்கா பேச்சியோட நிழலு" என்றாள் வஞ்சி. "தெரியாம இந்தப் பக்கம் வந்துட்டா. நிழலு போனதிலிருந்து நாளுக்கு நாள் கரையுறா. நேத்து அவ கை வழியா அந்தப் பக்கம் அடுப்பு எரியிறது தெரிஞ்சுது ஓணாண்ணே."

"ஜெயிச்சா நிழலைக் கொண்டு போ தாயி" என்றது முனி. குரல் பக்கத்தில் இருந்து கேட்டது, மரத்துக்குள்ளிருந்தும் கேட்டது. "தோத்தா உன் உயிரு எனக்கு. சரிதானே?"

வஞ்சி சரி என்றாள்.

முனியின் இலை ஒன்று தானாக நகர்ந்து வந்து கல்லில் படுத்தது. 'எதிரே இருப்பவர் மாள்வார்' என்று அதில் எழுதியிருந்தது. வஞ்சியின் உதடு வெளுத்தது. ஆனாலும் அவள் தயாராகத்தான் வந்திருந்தாள். வீட்டில் இருந்த இலையெல்லாம் மாற்றிக் கொடுத்து வாங்கிய ஒற்றை இலையை மடியிலிருந்து எடுத்து மேலே வைத்தாள். 'இதை உடையவருக்குச் சாவில்லை.'

"பலிக்காது" என்றது முனி. "மடியில இருந்தவரைக்கும் அது உன் இலை. கல்லுல வச்சதும் அது கல்லோட இலை. சாவில்லாம இருக்கப்போறது கல்லுதான்."

ஓணானுக்கு விடை தெரியும். கொக்குக்கும் நண்டுக்கும் இதே வழக்கு வந்தபோது, ஆட்டம் முடியும் வரை இலை வைத்தவருக்கே சொந்தம் என்று தீர்ப்புச் சொன்னவனே அவன்தான். வஞ்சி பக்கம் திரும்பப் போனான்.

"நடுவா" என்றது முனி, சாவகாசமாக. "உன் குஞ்சுக எல்லாம் என் மரத்தடியிலதானே விளையாடுது? சௌக்கியமா?"

கிளையில் ஓர் இடம் காலியாக இருந்ததை ஓணான் அப்போதுதான் கவனித்தான். ஒரு சின்ன நிழல் தொங்கும் அளவுக்கு. அவன் தலை முனி பக்கம் திரும்பிக் கீழே அசைந்தது.

வஞ்சியின் விரல்கள் நுனியிலிருந்து சில்லிட்டன. அவள் அலறவில்லை. அவனையே பார்த்தாள்.

"நண்டுக்கு ஒரு நியாயம், எனக்கு ஒரு நியாயமா அண்ணே?"

ஓணானுக்கு அவமானம் தாங்கவில்லை. இவளும் தன்னைத் தப்பாக நினைக்கிறாளே என்று துடித்தான். முனிக்குச் சொன்னதைத் திருப்பி வாங்க முடியாது. இவளுக்கும் ஒன்று கொடுத்துவிட்டால் சரியாகிவிடும் என்று நினைத்தான், மடையன். வஞ்சி பக்கம் திரும்பி மேலே அசைத்தான்.

கல்லின் மேல் இரண்டு இலையும் ஒரே நேரத்தில் பலித்தன.

கிளையிலிருந்து பேச்சியின் நிழல் நழுவித் தரையோடு தரையாக ஊரைப் பார்த்து ஓடியது. வஞ்சி சாய்ந்தாள். விழுந்த இடத்தில் உடம்பு இல்லை.

பொழுது சாயும் நேரத்தில் பேச்சி வந்தாள். அவள் நிழல் அவளுக்கு முன்னால் நீளமாக விழுந்தது. மரத்தடியில் தங்கை இல்லை. கல்லோரம் இதுவரை யாரும் பார்த்திராத சின்னச் செடி ஒன்று நின்றது. கல்லின் மேல் ஓணான் உட்கார்ந்திருந்தான்.

"என் தங்கச்சி எங்கே? செத்துட்டாளா?"

ஓணானின் தலை கீழே அசைந்தது.

பேச்சி மாரில் கை வைத்தாள். "நெசமாவா? உசுரோட இருக்காளா?"

தலை மேலே அசைந்தது. அவன் நிறுத்தத்தான் பார்த்தான். கழுத்து அவன் சொல் கேட்கவில்லை.

பேச்சி தடுமாறிச் செடியின் பக்கத்தில் உட்கார்ந்தாள். விரல் பட்டதும் இலையெல்லாம் கைகூப்பியது போல மூடி, காம்பு துவண்டு செத்து விழுந்தது. அது தங்கைதான் என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. அழுதுகொண்டே அங்கேயே இருந்தாள். நெடுநேரம் கழித்து, செடி ஒவ்வோர் இலையாக விரித்து எழுந்தது. பேச்சி மறுபடி தொடவில்லை. தன் நிழல்கூட அதன் மேல் விழாமல் நகர்ந்து உட்கார்ந்துகொண்டாள்.

இலையாட்டத்தை அதற்குப் பிறகு யாரும் ஆடவில்லை. முனி மட்டும் ஆட்டம் முடியவில்லை என்று இன்னும் அந்தச் செடிக்கு எதிரே உட்கார்ந்திருக்கிறதாம்.

அன்று முதல்தான் தொட்டாற்சிணுங்கி தொட்டவுடன் செத்து, விட்டவுடன் பிழைக்கிறது. அன்று முதல்தான் ஓணானும், கேட்க யாருமில்லாத வேலியில் உட்கார்ந்து, கீழே ஒரு முறை முனிக்கும் மேலே ஒரு முறை வஞ்சிக்குமாகத் தலையாட்டிக்கொண்டே இருக்கிறான்.