செல்லப்பாவின் மூடி

தூத்துக்குடியில் ஆவுடையப்பன் மாமாவின் வீட்டில் செல்லப்பா என்றொரு விலாங்கு மீன் இருந்தது. கூடத்தில் பெரிய கண்ணாடித் தொட்டி, அதில் உப்புத்தண்ணீர், பவளப்பாறை, பாறை இடுக்கில் செல்லப்பா. மொட்டைமாடி அறையில் மாமாவின் தங்கை மக்கள் மூவர், உச்சிமாகாளி, சுடலைமணி, கொம்பையா, வாடகை இல்லாமல் இருந்தார்கள்.

மகள் பிரசவத்துக்காகப் பெங்களூர் கிளம்பிய மாமா, மூவரையும் கூப்பிட்டுச் சொன்னார்.

"தண்ணியில உப்பு கடல்ல இருக்க மாதிரியே இருக்கணும். கையால தீனி கொடுக்காதீங்க, கடிச்சிரும். மூடி மேல எப்பவும் பாரம் இருக்கணும், இல்லன்னா வெளிய வந்திரும். நான் வரும்போது செல்லப்பா தொட்டிக்குள்ள இருக்கணும். இல்லன்னா நீங்க மூணு பேரும் தெருவுல இருப்பீங்க."

"சரி மாமா" என்றார்கள். அவர்கள் சொன்ன சொல் தவறாதவர்கள். சிக்கலே அதுதான்.

முதலில் உப்பு. கொம்பையா தொட்டித் தண்ணீரை ஒரு வாய் குடித்துப் பார்த்தான். உப்பாகத்தான் இருந்தது. கடல் அளவுக்கு இருக்கிறதா என்று தெரியவில்லை. கடற்கரைக்குப் போய் ஒரு வாய் குடித்தான். வீடு வருவதற்குள் ருசி மறந்துவிட்டது. மறுபடி போனவன், ஒரு வாய் கடல்தண்ணீரை விழுங்காமல் அடக்கிக்கொண்டு பஸ் ஏறினான். எங்கே போக வேண்டும் என்று கண்டக்டர் கேட்டார். பதில் சொல்ல முடியாததால் இறக்கிவிட்டார். கன்னம் உப்ப நடந்தே வந்து சேர்ந்தான். வாயில் இருந்ததை வீணாக்க மனமில்லாமல் தொட்டிக்குள்ளேயே துப்பிவிட்டு, அதே இடத்தில் ஒரு வாய் அள்ளிக் குடித்தான்.

"அண்ணே, ரெண்டும் ஒண்ணுதான்!" என்றான்.

அடுத்தது தீனி. இறாலை வைத்துக்கொண்டு வெகுநேரம் யோசித்தார்கள்.

"கையால கொடுக்கக் கூடாதுன்னாரு" என்றான் உச்சிமாகாளி.

"காலைப் பத்தி ஏதாவது சொன்னாரா?" என்று கேட்டான் சுடலைமணி.

"ஒண்ணும் சொல்லலையே."

"அப்ப கடிக்காது."

உச்சிமாகாளி கால் விரலிடுக்கில் இறாலைச் செருகித் தண்ணீருக்குள் விட்டான். செல்லப்பா இறாலைத் தின்றது. கட்டைவிரலையும் கொஞ்சம் ருசி பார்த்தது.

"வலிக்காண்ணே?"

"வலி இருக்கட்டும்லே. மாமா சொன்னபடி கையில ஒண்ணும் ஆகல பாரு."

பாரத்துக்கு மட்டும் விவாதம் நடக்கவில்லை. அந்தத் தெருவிலேயே கனமான ஆள் சுடலைமணி. தேக்குப் பலகை மூடியின் மேல் அவனை உட்கார வைத்தார்கள். சாப்பாடு அங்கேயே போனது. அவன் குளிக்கப் போகும்போது மற்ற இருவரும் சேர்ந்து உட்கார்ந்தார்கள்.

இப்படி எல்லாம் ஒழுங்காக நடந்துகொண்டிருக்கையில் மாமா வந்துவிட்டார். வாசலில் அவர் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டது. பெரியவர் வந்தால் எழுந்திருக்க வேண்டும் என்பது அவர்கள் வளர்ந்த முறை. "வாங்க மாமா" என்று சுடலைமணி எழுந்து கும்பிட்டான். மூடியைத் தள்ளிக்கொண்டு செல்லப்பாவும் எழுந்து வந்து, தரையில் வழுக்கிக் கட்டிலுக்கு அடியில் போய்விட்டது.

உச்சிமாகாளி ஓடிப்போய்க் கதவைச் சாத்தினான்.

"மாமா, நீங்க இன்னும் வரல!"

"வந்துட்டேன்லே, இங்கதான நிக்கேன்!"

"நீங்க வரும்போது செல்லப்பா தொட்டிக்குள்ள இருக்கணும்னீங்க. இப்ப அது வெளிய கிடக்கு. அப்ப நீங்க வரலன்னுதானே ஆகுது?"

மாமா கொஞ்ச நேரம் யோசித்தார். அந்தக் குடும்பத்தில் அறிவு என்பது தாய்வழிச் சொத்து.

"நீ சொல்றது சரிதாம்லே" என்று, பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்குத் திரும்பிப் போனார்.

உள்ளே செல்லப்பா வாயைப் பிளந்து பிளந்து மூடியது. கையால் தொடக்கூடாது. காலிலோ ஏற்கெனவே கட்டு.

"அது தொட்டிக்குள்ள போகாது போல" என்றான் கொம்பையா.

"தொட்டி அதுகிட்ட வரட்டும்" என்றான் உச்சிமாகாளி.

கதவிடுக்கிலும் சாக்கடை ஓட்டையிலும் வேட்டியை அடைத்துவிட்டுத் தொட்டியைச் சாய்த்தார்கள். பவளப்பாறை சோபாவுக்கு அடியில் உருண்டது. போதாத தண்ணீரைக் கடற்கரையிலிருந்து டேங்கர் லாரியில் கொண்டுவந்து சன்னல் வழியாகப் பாய்ச்சினார்கள். முழங்கால் அளவு நின்றது. கொம்பையா ஒரு வாய் குடித்துவிட்டுத் தலையாட்டினான். செல்லப்பா டிவி ஸ்டாண்டைச் சுற்றி ஒரு நீச்சல் போட்டது.

இனி வீடுதான் தொட்டி என்றால் கூரைதானே மூடி? மூவரும் சன்னல் வழியாக வெளியேறி, மொட்டைமாடியில் ஏறி நடுவில் உட்கார்ந்தார்கள்.

சாயங்காலம் மாமா இரண்டாம் முறையாக வந்தார்.

"கீழ இறங்கி வந்து கதவைத் திறங்கலே!"

"தப்பா நினைக்காதீங்க மாமா. போன தடவை எந்திரிச்சதுலதான் வம்பு வந்துச்சு" என்றான் சுடலைமணி.

"செல்லப்பா?"

"தொட்டிக்குள்ளதான். எட்டிப் பாருங்க."

மாமா சன்னலில் எட்டிப் பார்த்தார். செல்லப்பா அவருடைய பீரோவுக்குள்ளிருந்து தலையை நீட்டியது. அவர் முகம் மலர்ந்தது. பிறகு கூரையை அண்ணாந்து பார்த்தார். முகத்தில் கவலை படர்ந்தது.

"ஏலே, இவ்வளவு பெரிய மூடிக்கு மூணு பேரு பத்துமா?"

பெட்டியோடு படியேறினார். அவர் தலை தெரிந்ததும் மூவரும் மரியாதையாக எழுந்து கும்பிட்டார்கள்.

மாமா பெட்டியைப் போட்டுவிட்டுக் குப்புறப் பாய்ந்து விழுந்து கூரையைக் கட்டிப் பிடித்துக்கொண்டார்.

"உட்காருங்கலே, தூக்குது!"