இரண்டு டேப்லெட்டுகளும் ஒரு பாசிப்படியும்

"மூடினதா, திறந்ததா? நீங்களே சொல்லிடுங்க, குருவம்மா."

ஓடைக்கரை மடத்துக்கு மோட்சம் கேட்டு வந்தவர்கள் உண்டு. மாப்பிள்ளை கேட்டு வந்தவர்கள் அதைவிட அதிகம். டேப்லெட் கேட்டு வந்தவர் இசக்கியப்பன் ஒருவர்தான்.

அவருடைய மகள் குழலிக்குக் காது கேட்கும், பேச்சு வராது. பயிற்சி நிலையத்தில் இரண்டு டேப்லெட்டுகளைக் கொடுத்து, பழகிப் பார்த்து ஒன்றை வைத்துக்கொள்ளச் சொல்லியிருந்தார்கள். படத்தைத் தொட்டால் அது பேசும். இனி அதுதான் பிள்ளைக்கு வாய். பாவம், மனுஷன் ஒரு வாரமாகச் சரியாகத் தூங்கவில்லை.

"இது மூடினது," என்று ஒன்றை எடுத்து வைத்தார். "கம்பெனிக்காரன் வச்ச படந்தான். நாம எதையும் சேக்கவும் முடியாது, அழிக்கவும் முடியாது. குரல் தேன் மாதிரி இருக்கும்."

"அது?"

"திறந்தது. நாமளே போட்டோ எடுத்து, நம்ம குரலைப் பதிஞ்சு, புதுப் படம் சேக்கலாம். ஆனா இவ விரலு சும்மா இருக்காது. எதையாவது அமுக்கிக் கெடுத்துடுவா."

குரு மரகதத்தம்மாள் அவரைவிட வயதில் சின்னவர். குரு என்று பேர் வந்த பிறகும் பெரியவர்களை முறை வைத்தே கூப்பிடுவார்.

"அப்போ மூடினதே நல்லதுன்னு தோணுதோ, அண்ணாச்சி?"

"பயமில்லாம இருக்கலாம்லா."

மடத்தில் ஒரு வழக்கம். கேள்வி கேட்டவர் சாப்பாட்டு மணி அடிக்கும்வரை வாய் திறக்கக் கூடாது. கேள்வி உள்ளே கொஞ்சம் ஊற வேண்டுமாம்.

குரு மூடிய டேப்லெட்டை அவர் கையில் கொடுத்தார். "மணி அடிக்கிறவரை இதுலயே பேசுங்க."

திறந்ததை அப்பா பக்கத்தில் நின்ற குழலியிடம் கொடுத்தார். இசக்கியப்பன் பதறி வாயெடுத்தார். குரு உதட்டில் விரலை வைத்தார்.

முதலில் சுகமாகத்தான் இருந்தது. "தண்ணீர் வேண்டும்" என்றது டேப்லெட். தண்ணீர் வந்தது. "நன்றி" என்றது. மடத்துப் பூனைக்குக்கூட ஒரு நன்றி சொல்லிப் பார்த்தார்.

அப்போது குழலி ஓடைப்படியில் இறங்கிக்கொண்டிருந்தாள். கீழ்ப்படி முழுக்கப் பாசி. அவள் அந்தப் படியைப் போட்டோ எடுத்தாள், குரல் பதியும் மைக் படத்தை அமுக்கினாள், பாசியில் வைக்கக் காலை நீட்டினாள்.

இசக்கியப்பன் அவசர அவசரமாகப் படங்களைத் தள்ளினார். பசி இருந்தது. தூக்கம் இருந்தது. காலை வணக்கம் இருந்தது. யானையும் ஒட்டகமும்கூட இருந்தன.

"ஏட்டி, வழுக்கும்! நில்லு!"

ஓடை முழுக்கக் கேட்டது அவர் குரல். குழலி காலை இழுத்துக்கொண்டு மேலே ஏறி வந்தாள்.

"மௌனம் கலைஞ்சுபோச்சே, அண்ணாச்சி."

"மன்னிக்கணும். இதுல அந்த வார்த்தை இல்ல."

"உங்களுக்கு வாய் இருந்துச்சு."

இசக்கியப்பன் குனிந்து மகள் கையிலிருந்த டேப்லெட்டை வாங்கிப் பார்த்தார். சோற்றுப் படத்தைக் காணோம். தண்ணீர்ப் படத்தையும் காணோம். சுருக்கென்று கோபம் வந்தது.

"பாத்தீங்களா, நான் சொன்னேம்லா. அழிச்சுட்டா. நாளைக்குத் தாகம்னா எப்படிக் கேப்பா?"

குரு டேப்லெட்டை வாங்கிப் பிள்ளையிடமே திருப்பிக் கொடுத்தார். அவரிடம் ஒரு செம்பை நீட்டினார்.

"தண்ணி மோந்துட்டு வாங்க. போட்டோ எடுத்துத் திரும்பச் சேத்துக்கலாம்."

கோபத்தில் மனுஷன் படியைப் பார்க்காமல் இறங்கினார். பாசிப்படிக்குக் காலைத் தூக்கியபோது பின்னாலிருந்து ஓர் ஆண்குரல் அதட்டியது.

"ஏட்டி, வழுக்கும்! நில்லு!"

அவருடைய குரலேதான். ஆனால் அவர் வாயே திறக்கவில்லை.

தூக்கிய காலைப் பின்னால் வைத்துத் திரும்பினார். மேல்படியில் குழலி டேப்லெட்டை நீட்டிப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் விரல் இன்னும் பாசிப்படிப் படத்தின்மேல் இருந்தது. அப்பாவுக்கு என்ன ஆகுமோ என்று அவள் முகம் வெளுத்திருந்தது.

இசக்கியப்பன் செம்பைப் படியில் வைத்தார்.

"பிள்ளை சொல்லுதுல்லா, அண்ணாச்சி," என்றார் குரு. "பதில் சொல்லுங்க."

"நின்னுட்டேன், தாயி."