இடப்பக்கம் செருகிய வேட்டி

மாடிப்படியில் உருண்டு அண்ணன் செத்துப்போனார் என்று தம்பி சிவனணைந்தான் கோர்ட்டில் சொன்னான். குளித்துவிட்டு, தானே புது வேட்டி கட்டிக்கொண்டு இறங்கினாராம். வீட்டில் அவர்கள் இருவரைத் தவிர ஈ காக்கா இல்லையாம்.

பிணவறையில் அந்த வேட்டியை அவிழ்த்த மாசானம் சாட்சிக் கூண்டில் ஏறினார். "வேட்டி இடப்பக்கம் செருகியிருந்துச்சு ஐயா. தானே கட்டினா வலப்பக்கம்தான் வரும். இது யாரோ கட்டிவிட்டது."

தம்பியின் வக்கீல் சிரித்தார். "வேட்டியைப் பார்த்தே கொலைன்னு சொல்லிருவியோ? எங்கே, நிரூபி பார்ப்போம்."

மாசானம் மஞ்சள் பையிலிருந்து ஒரு வேட்டியை எடுத்து நீட்டினார். "எனக்குக் கட்டிவிடுங்க ஐயா."

வக்கீல் எதிரே நின்று, மாசானத்தின் பேண்ட் மேலேயே சுற்றி, தன் வலக்கைப் பக்கமாகச் செருகினார். குனிந்து பார்த்தால், அது மாசானத்துக்கு இடப்பக்கம். வக்கீல் தன் கையைப் பார்த்தார், மாசானத்தின் இடுப்பைப் பார்த்தார், மறுபடி கையைப் பார்த்தார்.

"அப்போ செத்தவருக்கு யார்தான் கட்டிவிட்டது?" என்று குழம்பிப்போய் அவரே கேட்டார்.

நீதிபதி பேனாவைத் திறந்தார். "வீட்டில் ரெண்டே பேர்தான்னு உங்க கட்சிக்காரர் சொல்லியிருக்கார். அதில் ஒருத்தர் பிணம்."